புகைக்குச் சொல் கேட்டவர்

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து யாரும் தப்பித்ததில்லை.

மதிலுக்கு மேலே முதலில் ஓர் எவர்சில்வர் தட்டு எழும். அதில் நார் நாராகப் பிரித்த ஆட்டுத் தொடைக்கறி. மேலே கரி நிறம், அதற்குக் கீழே வளையமாக ஓர் இளஞ்சிவப்பு. தட்டுக்குப் பின்னால் நரைத்த புருவங்கள் எழும். அதற்கும் பின்னால், மெதுவாக, அந்தக் கேள்வி.

"எப்படி இருக்கு?"

தஞ்சாவூருக்கு வெளியே, வயலைப் பிளாட் போட்டு எழுப்பிய ஒரு நகரில், அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நாங்கள் வாடகைக்கு வந்த புதிது. என் கணவர் ஒரு துண்டை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, "பிரமாதம் சார். ஸ்டார் ஹோட்டல் தோத்துடும்" என்றார்.

தட்டை நீட்டியவர் முகம் இறங்கிவிட்டது. பரிசு கேட்ட குழந்தைக்குப் பாட்டு பாடிக் காட்டியதுபோல.

"அது மரியாதைங்க தம்பி. வாசத்தைச் சொல்லுங்க."

"வாசம்னா... கறி வாசம்தான் சார்."

"கறி இல்ல. புகை. புகை எந்த மாதிரி இருக்கு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். வாயில் போடாமல், மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அடிப்பிடிச்ச சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருக்குண்ணே. இனிப்பு முடியற இடத்துல கருகல் ஆரம்பிக்குமே, அந்த இடம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, மனப்பாடம் செய்கிறவர்களைப்போல. "இனிப்பு முடியற இடம்," என்றார். "சரி. இது மா, மாங்கட்டை. இதை வச்சுக்கறேன்."

எதை, எங்கே வைத்துக்கொள்கிறார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற அந்த அடுப்பைத் தெருவே எஞ்சின் என்றது. பெல்லட் கிரில் என்பது அதன் பெயர். படுக்க வைத்த கறுப்புப் பீப்பாய், ஒரு புகைபோக்கி, பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மரத்தூளை இறுக்கிப் பிழிந்த சின்னச் சின்னக் குச்சிகள். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே ஒரு திருகு சுற்றி, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டும். சுடர் கறியைத் தொடாது. அது எங்கோ அடியில் ஒளிந்திருக்க, சூடும் புகையும் மட்டும் நாள் முழுக்கக் கறியைச் சுற்றிவரும். காலையில் வைத்தால் மாலையில்தான் எடுப்பார். எலும்பைப் பிடித்துத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழும். அவர் கத்தாரில் எலக்ட்ரீசியனாக இருந்த காலத்தில், ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் விட்டுப்போனதாம். சாமானோடு சாமானாகக் கப்பலில் வந்து சேர்ந்தது.

கரண்ட் போனால் அந்த நெருப்பும் போகும். அப்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மூடியைத் திறக்க மாட்டார். துண்டை நான்காக மடித்து மூடியின் மேல் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. கை வைத்தால் சூடு தங்குமா என்று ஒருநாள் கேட்டேன். "தங்காது," என்றார். கையை எடுக்கவில்லை.

குச்சிகள் நம் ஊரில் கிடைக்காது. மரவாடியில் தூள் வாங்கி, ஒரத்தநாட்டுப் பக்கம் மாட்டுத் தீவன மில் வைத்திருந்த நண்பரிடம் கொண்டுபோவார். தீவனம் பிழிகிற அதே மிஷினில் மரத்தூளும் குச்சி குச்சியாக விழும். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் மாட்டுத் தீவனம் என்றே சத்தியம் செய்யலாம். மில்காரர் வண்டியில் மூட்டை கொண்டுவந்து இறக்கும்போதெல்லாம் தெருவே கேட்கப் பேசுவார்.

"ஏண்ணே, மாடு திங்கிற மிஷின்ல மரத்தூளப் போட வைக்கிறீங்க. நாளைக்கு எங்க ஊரு மாடெல்லாம் எங்கிட்ட வெறகு கேக்கப்போவுது."

"கேட்டா குடு. வாசம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டு வந்து சொல்லு."

"மாடாவது சொல்லும். மனுசன்தான் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தின்னுட்டுப் போயிடறான்."

"அதாம்ப்பா. அதான் என் கஷ்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது கஷ்டம்தான். அவருக்கு வாசம் தெரியாது.

ஊரெல்லாம் மூச்சுக்கு அலைந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் அவரும் மனைவியும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அவர் எழுந்தார். அந்த அம்மாவை ஒரு பொட்டலமாகத்தான் காட்டினார்கள், அதுவும் எட்ட நிற்க வைத்து. வீடு திரும்பியவர் முதலில் செய்த காரியம், பீரோவைத் திறந்து அவள் புடவை அடுக்கில் முகத்தைப் புதைத்தது. ஒன்றும் வரவில்லை. துணி. வெறும் துணி. கடையில் தொங்குகிற துணிக்குக்கூட ஒரு வாசம் இருக்குமே, அதுவும் இல்லாத துணி.

"அப்பவே மூடிட்டேன்," என்றார் என்னிடம். மதிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கோழி விவகாரம் பேசுகிற குரலில் சொன்னார். "வாசம் போகல தங்கச்சி. என் மூக்குதான் போச்சு. அது உள்ள இருக்கு. ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் கொஞ்சம் வெளிய போயிடும். மூக்கில்லாதவன் தொறந்து வீணாக்கலாமா? மூக்கு வரட்டும். வர்ற அன்னைக்குத் தொறப்பேன்."

"அவங்க வாசம் எப்படிண்ணே இருக்கும்?"

எல்லோரிடமும் சொல் கேட்கிற மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அவ வாசம்," என்றார். "வேற என்னத்தச் சொல்ல."

டாக்டர் எலுமிச்சம்பழம், கிராம்பு, ரோஜாப்பூ என்று தினமும் மோந்து பழகச் சொன்னாராம். பழகினார். எலுமிச்சம்பழமும் ஒன்றுதான், எவர்சில்வர் டம்ளரும் ஒன்றுதான். பிறகுதான் அட்டைப்பெட்டியில் கிடந்த அடுப்பு ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. கத்தார் முகாமில் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புகை, மூடிய கண்ணாடிச் சன்னல்களையும் ஏசியையும் தாண்டி, தூங்குகிறவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகுமாம். ஏசியைத் தாண்டிய புகைக்கு என் மூக்கு எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டார்.

அடுப்பு நிற்க இடம் வேண்டும். கொல்லையில் இருந்த மாமரத்தை அறுத்து, அந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டார். அறுத்த மரத்தின் தூள்தான் முதல் மூட்டைகள். ஆடியிலும் ஆவணியிலும் அந்த மாமரம் புகையாகி எங்கள் தெருவில் நடந்தது. கொடியில் காய்ந்த துண்டில், என் தலைமுடியில், அரிசி டின்னில். நான் ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லைத் தேடிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் புகைபோக்கியின் மேல் குனிந்து, கண் சிவந்து நிமிர்வார்.

"கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்குத் தெரியல."

புரட்டாசி வந்தது. தெருவில் பாதி வீட்டில் கறி இல்லை. அவரும் கறி வைக்கவில்லை. ஆனால் அடுப்பை நிறுத்தவில்லை. உள்ளே நாலு கத்தரிக்காயை வைத்துவிட்டுக் கட்டையை மட்டும் எரித்தார். ஒரு சனிக்கிழமை எதிர் வீட்டு அம்மா, கையில் மடிப்புக் கலையாத பட்டுப்புடவையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, பெருமாளுக்குத் தளிகை போடற நாள்ல இப்படிப் பண்றீங்களே, நியாயமா?"

"கறி இல்லீங்கம்மா. வெறும் கட்டைதான் எரியுது."

"கட்டையோ கறியோ, இதை மோந்து பாருங்க. பீரோவுக்குள்ள பூட்டி வச்ச புடவைங்க. உங்க எஞ்சின் பொகை, சாவியே இல்லாம உள்ள போயிருக்கு."

நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் அந்தப் புடவையை மோந்து பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை. அதையே வெறித்துக்கொண்டு நின்றவர், சட்டென்று உள்ளே போனார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்னங்க இவரு, ஒரு வார்த்தை சொல்லாமப் போறாரு?" என்றார். அண்ணன் வீட்டில் பீரோ இருந்தது கொல்லையைப் பார்த்த அறையில். சன்னலுக்கு நேர் வெளியேதான் அடுப்பு. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சர்... சர்... என்று ஒரு சத்தம் வந்தது. கத்தார் பெட்டிகளுக்கு ஒட்டி மிஞ்சிய பழுப்பு டேப்பை நீள நீளமாக இழுத்துக் கிழிக்கிற சத்தம். பீரோவின் கதவுகள் சேரும் இடம், கீல் ஓரம், பூட்டுத் துளை, அடிப்பக்கம். ஒரு ஈ நுழைய இடம் விடவில்லை என்று மறுநாள் சொன்னார்.

"இனிமே உள்ள ஒண்ணும் போகாது. வெளியவும் ஒண்ணும் வராது."

அந்தச் சனிக்கிழமையோடு மா தீர்ந்துவிட்டது. அதற்குப்பின் அவர் மாங்கட்டையைத் தொடவேயில்லை. எனக்கு ராசியில்லாத கட்டை அது என்று சொல்லிவிட்டார்.

பிறகு வந்தவை எத்தனையோ கட்டைகள். புளி வந்தது. மழையில் நனைந்த சாக்கு என்றேன். வேம்பு வந்தது. மாத்திரையை விழுங்காமல் நாக்கில் வைத்து மறந்த மாதிரி என்றேன். கொய்யா, பென்சில் சீவிச் சேர்த்த டப்பா. கொட்டாங்கச்சி, தெருமுனை இஸ்திரி வண்டி. சவுக்கு, கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் ஆறிக் கிடக்கும் கோட்டை அடுப்பு. அத்தனையும் அவருக்கு மனப்பாடம். நான் மறந்ததையும் அவர் மறக்க மாட்டார்.

"தை மாசம் புளியை நனைஞ்ச சாக்குன்னீங்க. இன்னைக்குச் சாக்கு காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்குண்ணே. ஆனா எலி வந்து போயிருக்கு."

"எலியா?" மகிழ்ந்துபோவார். "எலி இருக்கட்டும். எலி நல்லது."

மேட்டூரில் திறந்த தண்ணீர் கொல்லைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்கு வந்த நாளில் மதிலைத் தட்டினார். காய்ந்து வெடித்த மண்ணின் மேல் நுரையும் சருகுமாகத் தண்ணீர் மெல்ல மோந்து மோந்து முன்னேறியது, புது வீட்டுக்கு வந்த நாயைப்போல. சொல்லுங்க, சொல்லுங்க என்றார். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த வாசம், அப்புறம் மண், நத்தை ஓடு, எங்கோ செத்த தவளை என்று அடுக்கினேன். "தவளை வேணாம்ணே, விடுங்க," என்றேன்.

"வேணும். தவளையையும் சொல்லுங்க. மூக்கு இருந்தா தவளையும்தானே வந்திருக்கும்."

இப்படி வாரம் ஒரு புகையாக அவருக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு முன் எனக்கு உலகம் கண்ணால் ஆனது. அவருக்குச் சொல்லச் சொல்ல அது மூக்கால் ஆனது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரியின் மத்தியானச் சாப்பாடு தெரிந்தது. வங்கி வரிசையில் நிற்கிறவரின் ஈரச் சட்டை தெரிந்தது. உட்கார முடியாமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருந்தேன். ஒருத்தருக்கு இல்லாமல் போன ஒன்று இன்னொருத்தரிடம் இப்படி இரண்டு பங்காக வந்து சேர்வதில் ஏதோ அநியாயம் இருந்தது.

ஒருநாள் மத்தியானம், தாளடி நாற்று நட்டு முடித்த நேரம், மதில் கதவை இடித்துக்கொண்டு ஓடிவந்தார். செருப்பில்லை. கண்ணில் நீர்.

"வந்துடுச்சு தங்கச்சி! வந்துடுச்சு! கருகுற வாசம்! எது கருகுது? உங்க வீட்டுலயா?"

எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. அவர் எஞ்சினிலும் அன்று நெருப்பில்லை. நான் தெருவுக்கு ஓடினேன், வாய்க்கால் பக்கம் ஓடினேன். யாரும் வைக்கோல் கொளுத்தவில்லை, குப்பை எரிக்கவில்லை. மழை விட்ட காற்று. அதில் ஈரம் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது அவர் என் முற்றத்தில் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா வருது. இப்பவும் வருது. எதுங்க கருகுது?"

"எதுவும் கருகலைண்ணே."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

மூக்கு போனவர்களுக்குச் சில சமயம் இல்லாத நாற்றம் தோன்றும் என்று டாக்டர் பின்னால் சொன்னாராம். அன்று எங்களுக்கு அது தெரியாது. அவர் தன் மூக்கை ஒரு விரலால் மெல்லத் தொட்டார், பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையைத் தொடுவதுபோல. "சரி. கதவைச் சாத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு போனார்.

அதற்கடுத்த கோடையில், இத்தனை வருடம் ஆனபின் இனி வராது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அதை அவர் என்னிடம் வருத்தமாகச் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி உடுத்தி, குளித்த தலையோடு, சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"வீடு வரைக்கும் வர்றீங்களா தங்கச்சி? ஒரு உதவி."

கொல்லைப்பக்க அறை. சாம்பல் நிற இரும்பு பீரோ. அதைச் சுற்றிப் பழுப்பு டேப், ஓரங்களில் தூசி படிந்து, ஆனாலும் ஓர் இடத்தில்கூட விடாமல்.

"எனக்கு இனி வராது. ஆனா உங்களுக்கு வரும். நீங்க சொன்னா எனக்குப் புரியும். இத்தனை நாளா சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கிட்டீங்க. நத்தை ஓடு புரிஞ்சுது, இஸ்திரி வண்டி புரிஞ்சுது. இதுவும் புரியும்." குரல் அவசரப்பட்டது. "ஒரு தடவைதான் தொறப்போம். மெதுவா மோந்து, மெதுவாச் சொல்லுங்க. நான் வாங்கிக்கறேன்."

நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பினார். உரித்தபோது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. கதவு ஒட்டியிருந்து, பிறகு விட்டது. அவர் சட்டென்று விலகிச் சுவரோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூச்சுக்கூட அதைக் கலைத்துவிடக் கூடாதாம்.

நான் குனிந்தேன்.

நூல் புடவைகள், சுங்குடி, இரண்டு பட்டு, ஓரத்தில் மடித்த ஒரு வீட்டுப் புடவை. வீட்டுப் புடவையை எடுத்து முகத்தோடு சேர்த்தேன். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் தேடினேன். மடிப்புக்குள் மடிப்பாக, முந்தானையில், ரவிக்கையின் அக்குளில், அடித்தட்டில் மூலையில் கிடந்த கைக்குட்டையில். ஒரு பெண் எங்காவது ஒரு நூல் அளவு மிஞ்சியிருக்க மாட்டாளா என்று தேடினேன். எல்லாவற்றிலும் ஒன்றே இருந்தது. பூட்டி வைத்ததால் இன்னும் அடர்ந்து, நேற்று ஏறியது போல.

"சொல்லுங்க," என்றார்.

கைக்குட்டையை எடுத்த மூலையிலேயே திரும்ப வைத்தேன்.

"தங்கச்சி. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வாய் வரை ஒரு பொய் வந்தது. மருக்கொழுந்து, பவுடர், மஞ்சள் என்று எதையாவது அடுக்கியிருக்கலாம். அவரால் சரிபார்க்க முடியாது. ஆனால் அவர் வருடக்கணக்காக இந்த ஒரு வாயைத்தான் நம்பி வந்திருந்தார். மூடிய கண்களோடு, கொஞ்சம் நிமிர்த்திய முகத்தோடு, திருநீறு வாங்க நிற்பவர்போல நின்றார்.

"அடிப்பிடிச்ச சர்க்கரைப் பொங்கல்ணே," என்றேன்.

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இனிப்பு முடியற இடம்.

"மா," என்றார்.

வெளியே வாய்க்கால் மதகில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"புளி வருதா?"

"இல்லண்ணே."

"சவுக்கு? வேம்பு?"

"இல்ல. மா மட்டும்தான்."

அவர் கணக்குப் போட்டு முடிப்பதை நான் பார்த்தேன். டேப் ஒட்டிய சனிக்கிழமைக்குப் பிறகு எந்தப் புகையும் உள்ளே போகவில்லை. அதற்கு முன்னால் ஆடியும் ஆவணியும் இருந்தன. சன்னல் இருந்தது, மாமரம் இருந்தது. அவள் அப்போதே போய்விட்டிருந்தாள். டேப்பை ஒட்டி அவர் இத்தனை காலம் காத்தது, அவளைக் கரைத்த புகையை.

கண்ணைத் திறந்தார்.

"டேப்பு நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு," என்றார்.

புடவையை நான் மடித்து வைத்தேன். அவர் கதவைச் சாத்தி, உரித்த டேப்பை எடுத்து மறுபடி இடுக்கில் வைத்து அழுத்தினார். பசை போய்விட்டிருந்தது. கையை எடுத்தால் உரிந்து தொங்கியது. கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். நான் வெளியே வரும்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புகைபோக்கியில் புகை வந்தது. அதை எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் மதிலுக்கு மேலே தட்டு எழுந்தது. முத்துப்பேட்டைக் கொடுவா, முழு மீன், தோல் பொன்னிறத்தில். புகை கொய்யா. ஆனால் இந்த முறை பென்சில் டப்பா இல்லை, வேறேதோ. பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பறையில் மிஞ்சியிருப்பது போல ஒன்று. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அண்ணே, இது வந்து..."

"நல்லா இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே. ஆனா இது..."

"நல்லா இருந்தா சரி தங்கச்சி. தட்டை மெதுவாக் குடுங்க, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.